அறிஞர் சித்திலெப்பை காட்டிய வழி

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள். 1838 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆந் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையாரைப் போலவே அவரும் சட்டத்தரணியானார். வருவாயும் மதிப்பும் நிறைந்த தொழில் இருந்தும், தம் சமூகம் கல்வியில் பின்தங்கியிருந்தது அவரை வருத்தியது.

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். சித்திலெப்பை அந்த அச்சத்தைப் புரிந்துகொண்டார். மார்க்கமும் தாய்மொழியும் இருக்கும் இடத்திலேயே ஆங்கிலத்தையும் கற்பித்தால் அச்சம் தீரும் என்று கண்டார். 1884 இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் மத்ரஸா ஒன்றைத் தொடங்கினார். 1892 இல் வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் துணையுடன் மருதானையில் உருவான பாடசாலையே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி.

அவர் சிறுவர்களை மட்டும் எண்ணவில்லை. பாடசாலை வயதைக் கடந்தவர்களுக்காக 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். கதை விரும்பிகளுக்காக 1885 இல் அசன்பேயுடைய சரித்திரம் என்ற நாவலைத் தந்தார். பெண்பிள்ளைகளுக்காகக் கண்டியில் பாடசாலை திறந்தார். அங்கே கற்பிக்கத் தம் சகோதரியே முன்வந்தார்.

எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் இங்கு வந்த ஒராபி பாஷா அவருடைய பணிக்கு உறுதுணையானார். ஒராபியுடன் வந்த அரபுக் கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி, நாற்பது வயதைக் கடந்த பின்னரே நமது தீவில் ஆங்கிலம் கற்றார்.

இவற்றை வாசித்தபோது எனக்கு நாயாறுதான் நினைவுக்கு வந்தது. வாப்பாவின் மீன் வியாபாரத்திற்காக விடுமுறையில் நாங்கள் அங்கே தங்குவோம். பின்னேரங்களில் வாடி நிழலில் நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன். நான்காம் தரத்துச் சிறுமியும், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் அண்ணனும் ஒரே பாயில் இருப்பார்கள். மகளைக் கூட்டிப்போக வந்ததாகச் சொல்லும் ஒரு தாய், பின்னால் இருந்து மெதுவாக எழுதிப் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே பாடம் பொருந்தவில்லை. நண்டு, இறால், வலை, வள்ளம் என்று அவர்கள் அறிந்த சொற்களிலிருந்து தொடங்கினேன். சிறுமி அவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சொன்னாள். அண்ணன் அவற்றை வைத்து வசனம் எழுதினான். தாய் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது படிவங்களில் கைநாட்டு வைக்காமல் கையொப்பம் இடுகிறார்.

கற்பவர் நிற்கும் இடத்திற்கே சென்று கற்பிக்க வேண்டும் என்பதையே சித்திலெப்பை அவர்களின் வாழ்விலிருந்து நான் விளங்கிக்கொண்டேன். 1898 பெப்ரவரி 5 ஆந் திகதி அவர் இறையடி சேர்ந்தார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் அவர் தொடங்கிய பணியின் பயனையே, கல்லூரியில் இருந்து இதை எழுதும் நானும் அனுபவிக்கிறேன். அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.