மரணத்தை ஒத்திகை பார்த்த மாணவர்

உடலை விட்டு வெளியேறி உலவ முடியுமா என்னும் வினா மிகப் பழையது. கூடுவிட்டுக் கூடுபாயும் சித்தர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிமலைக் குகைகளைச் சுற்றி அத்தகைய கதைகள் இன்றும் வழங்குகின்றன. அண்மைக் காலமாக என்னைக் காண வரும் முன்னாள் மாணவர்கள் சிலர், கண்களை மூடிக் கற்பனை செய்தே உடலைப் பிரிந்து பறக்கலாம் எனக் கற்பிக்கும் வகுப்புகளில் பணம் கட்டிச் சேரலாமா என்று கேட்கிறார்கள். கற்பனை வழியாக உடலைக் கடந்த ஒருவரின் வாழ்க்கையையே அவர்களுக்கு விடையாகச் சொல்லி வருகிறேன்.

அவர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. 12 வயதில் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் தங்கி அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். தேனி மாவட்டம் உருவாகாமல், எங்கள் பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த காலம் அது. 1895 அக்டோபரில் முல்லைப்பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்ந்தது. அதற்கு அடுத்த மாதம், மதுரை வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரிடம், அருணாசலம் என்பது கண்ணால் காணக்கூடிய ஓர் ஊர் என்பதை அவர் முதன்முதலாக அறிந்தார்.

1896 ஜூலையில், 16 வயதில், அவ்வீட்டின் மாடி அறையில் தனித்திருந்தபோது திடீரெனச் சாவச்சம் அவரைப் பற்றியது. உடலில் நோய் ஏதுமில்லை. அவர் எவரையும் அழைக்கவில்லை, மருத்துவரையும் தேடவில்லை. கை கால்களைப் பிணம் போல் விறைப்பாக நீட்டிப் படுத்தார். உதடுகளை இறுக மூடி மூச்சை அடக்கினார். இவ்வுடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டு செல்வார்கள், எரிப்பார்கள், சாம்பலாகும் என மனத்தில் கண்டார். பிறகு, உடல் போனபின் நான் என்ற உணர்வும் போயிற்றா என்று உள்ளே நோக்கினார். அது போகவில்லை. உடலுக்கு அப்பாற்பட்ட ஒன்றாகத் தம்மை உணர்ந்ததும் அச்சம் அகன்றது. அது பின்னர் திரும்பி வரவே இல்லை.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இம்முறை அந்நியமானதன்று. பிற நிலைகள் மாறாதிருப்பின் என்று தொடங்கி, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து விளைவைக் கணிப்பது எங்கள் துறையின் அன்றாட வேலை. அந்த மாணவர் நீக்கிப் பார்த்தது தம் உடலை. ஆனால், எங்கள் கணிப்பு கருத்தளவில் முடிந்துவிடும். அவருடைய ஒத்திகையோ ஒரு கட்டத்தில் கற்பனையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. சிந்தித்துப் பெற்ற முடிவாக அன்றி, நேரடியாகக் கண்ட உண்மையாகவே அவர் அதைப் பிற்காலத்தில் விளக்கினார். கற்பனை அவருக்குக் கதவாக மட்டுமே இருந்தது.

அடுத்த ஆறு வாரங்களில் படிப்பில் நாட்டம் குன்றியது. மீனாட்சி அம்மன் கோயிலே கதியானார். ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த 5 ரூபாயில் பயணத்துக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கடிதம் நான் எனத் தொடங்கி, இது எனத் தன்னைக் குறித்துச் சென்று, கையொப்பமின்றி முடிந்தது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தவர், அடுத்த 53 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்தார்.

உடல் கடந்த பயணத்தை நாடுவோர் விரும்பும் நிகழ்ச்சியும் அவர் வரலாற்றில் உண்டு. 1908-இல் அவருடைய அடியவர் காவ்யகண்ட கணபதி முனிவர் திருவொற்றியூரில் தவமிருந்தபோது, அவ்வூரை அதுவரை கண்டிராத ரமணர், தாம் மேலெழும்பிச் சென்று அங்கே இறங்கியதாக உணர்ந்தார். அவரைக் கண்டதாக முனிவரும் கூறினார். ஆனால், ரமணர் இதைத் தம் போதனையாக ஆக்கவில்லை. சித்திகளை நாடுவதை அவர் ஊக்குவித்ததும் இல்லை. மிதக்கும் உணர்வு மட்டுமே ஞானத்துக்குச் சான்றாகாது என்பதை இன்றைய அறிவியலும் காட்டுகிறது. 2002-இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, தம் உடலுக்கு மேலே மிதந்து கீழே பார்ப்பதாக அவர் உணர்ந்தார்.

அப்படியானால் ஓர் அனுபவத்தை எதைக்கொண்டு அளப்பது? 1948-இன் இறுதியில் ரமணரின் இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றியது. நான்கு முறை அறுவை செய்தும் நோய் தணியவில்லை. வேதனைக்கு நடுவிலும் தம்மைக் காண வந்தவர்களுக்குத் தரிசனம் தருவதை அவர் நிறுத்தவில்லை. கலங்கி நின்றவர்களிடம், தாம் எங்கும் போகப்போவதில்லை என்றே தேற்றினார். 1950 ஏப்ரல் 14 இரவு அமைதியாக அடங்கினார். மாடி அறையில் கிடைத்த துணிவு 53 ஆண்டுகளுக்குப் பின் மெய்யான மரணத்தின் முன்னும் அப்படியே இருந்தது.

அறுபதைக் கடந்த எனக்கு இறுதி ஊர்வலங்கள் அடிக்கடி நேர்கின்றன. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த 16 வயது மாணவரின் நினைவு வருகிறது. உடலிலிருந்து தப்பிச் செல்ல வழி கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெரும்பாலும் நாம் தப்ப விரும்புவது உடலிலிருந்து அன்று, கடன், தோல்வி, தனிமை, அச்சம் ஆகியவற்றிலிருந்து. அவர் அச்சத்தை விட்டு ஓடவில்லை. அதன் அருகிலேயே படுத்து, அஞ்சுவது யார் என்று வினவினார். அதற்கு அவர் எவருக்கும் கட்டணம் செலுத்தவில்லை.