மரக்கோயில் காத்த ஓவியர்

நோர்வே தேசத்துப் பெர்கன் துறைமுகத்தில், ஏழைச் செம்படவர் ஒருவரின் மகனாக 1788-ஆம் ஆண்டிற் பிறந்தவர் யோஹான் கிறிஸ்தியான் டால். கோபன்ஹேகனிற் சித்திரம் பயின்று, 1818-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரையடைந்து, அங்கேயே குடியேறி, 1824-இல் அந்நகரக் கலைக்கழகத்துப் பேராசிரியரானார். அவர் தீட்டிய மலைகளையும் அருவிகளையும் புகழ்வோர் பலர். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது, அவர் காத்த கோயில் ஒன்றைப் பற்றியே.

சித்திரம் எழுதுதற்பொருட்டுத் தாயகஞ் சென்றபோதெல்லாம், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிற் பழைய மரக்கோயில்களை அவர் கண்டார். கிடத்திய உத்தரங்களின்மீது தூண்களை நாட்டி, மரத்தோடு மரம் பொருத்தி எழுப்பியவை அவை. 1537-இற் சமயச் சீர்திருத்தம் வந்தபின் அவை லுத்தரன் ஆலயங்களாயின. சபை பெருகவே, இடம் போதாதென்று ஒவ்வொன்றாக இடிக்கலாயினர். இடித்தாரை நாம் பழித்தல் எளிது. நெருக்குண்டு நின்று தொழுதவர் அவரன்றோ! டால் அக்கோயில்களைப் பற்றிப் படங்களோடு கூடிய நூலொன்றை 1837-இல் வெளியிட்டார்.

வாங் என்னும் ஊரின் கோயில் ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. புதுக்கோயில் எழுப்புதற்காக ஊரார் அதனை விற்கத் துணிந்தனர். அதனை நோர்வேயிலேயே நிறுத்த டால் முயன்றார், இயலவில்லை. ஈற்றில் 1841-இல் ஏலத்தில் தாமே வாங்கினார். பேராசிரியர் ஒருவர் கோயிலை வைத்து என் செய்வார்? பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியத்தை நாடினார், மன்னரும் இசைந்தார். ஷியெர்ட்ஸ் என்பார் கோயிலை அளந்து வரைந்து பிரித்தெடுக்க, மரங்கள் மலை கடந்து, கப்பலேறி, ஸ்டெட்டின் வழியாகப் பெர்லினைச் சேர்ந்தன. அங்கே காட்சிப்பொருளாகி நின்றிருக்கும். ஆனால் ரேடன் கோமாட்டியார், கோயிலில்லாத மலைவாழ் சபையார்க்கு அதனைத் தருமாறு மன்னரை வேண்டினார். சைலீசியாவின் புரூக்கன்பெர்க்கில் 1842-இல் அடிக்கல் நாட்டி, 1844 ஜூலை 28-ஆம் நாள் பிரதிஷ்டை செய்தனர்.

பழுதுற்ற மரங்கள் பலவாதலின் புதுமரம் மிகுதியும் சேர்ந்தது. அருகே கல்லால் மணிக்கூண்டும் எழுந்தது. ஆகவே பழங்கோயிலே அது என முழுதும் சொல்லல் ஆகாது. எனினும் செதுக்கு வேலை செறிந்த பழைய வாயில்நிலைகள் இன்றும் உள்ளன. அவ்வூர் இப்போது போலந்து நாட்டுக் கர்பாச் நகரின் பகுதி. லுத்தரன் சபையார் அங்கே இன்னும் வழிபடுகின்றனர்.

கோயிலை நாடுகடத்தியா காப்பது என நாம் ஐயுறலாம். டாலுக்கும் அது முதல் விருப்பமன்று. 1844-இலேயே, அவரது தூண்டுதலால், பண்டைச் சின்னங்களைக் காக்கும் சங்கம் நோர்வேயில் தோன்றியது. போர்குண்ட் கோயிலை 1877-இலும், ஊர்னெஸ் கோயிலை 1881-இலும் அச்சங்கமே பெற்று, நின்ற இடத்திலேயே காத்தது.

டால் 1857-இல் டிரெஸ்டனில் இறந்தார். அவர் எலும்புகளை 1934-இற் பெர்கனுக்குக் கொணர்ந்து அடக்கஞ் செய்தனர். வாங் கோயில் சைலீசிய மலைமேலேயே நிற்கின்றது.