ஆசிரியரின் சம்பளத்தைச் சட்டத்தில் எழுதியவர்: பிரான்சுவா கிஸோ

ஆசிரியப் பணியைப் புனிதமான பணி எனப் போற்றாத சமூகம் உலகில் இல்லை. எனினும், அந்தப் புனிதப் பணியைச் செய்பவருக்கு மாத முடிவில் எவ்வளவு வழங்கப்பட வேண்டும் என்ற கேள்வி எழும்போது, போற்றுதல்கள் யாவும் ஓய்ந்து பேரம் பேசுதல் ஆரம்பமாகி விடுகின்றது. பொதுப் பாடசாலை ஆசிரியருக்கு இன்ன தொகைக்குக் குறையாமல் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பதைப் பிரான்ஸ் தேசம் முழுமைக்குமாகச் சட்டத்தில் எழுதி வைத்தவர் பிரான்சுவா கிஸோ ஆவார். வரலாற்றாசிரியராகவும் அரசியல்வாதியாகவும் அறியப்பட்ட இவரது வாழ்வு, பெருமையும் முரண்பாடும் ஒருங்கே கலந்த ஒன்றாகும்.

கிஸோ 1787 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி தென் பிரான்சின் நீம் நகரில், சிறுபான்மையினரான புரொட்டஸ்தாந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அச்சமூகத்தவரின் திருமணங்களையும் பிறப்புகளையும் அரசு பதிவு செய்வதற்கு வழி வகுத்த மன்னரின் ஆணை, அவர் பிறந்ததற்கு அடுத்த மாதமே வெளியானது. சட்டத்தரணியான அவரது தந்தை, பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தில், 1794 ஏப்ரலில் கில்லட்டினில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது கிஸோவுக்கு வயது ஆறு. விதவையான தாய் தனது இரு புதல்வர்களையும் அழைத்துக் கொண்டு ஜெனீவாவில் குடியேறினார். காலம் எப்படி மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று கருதிய அத்தாய், மகனுக்கு ஏட்டுக் கல்வியுடன் தச்சுத் தொழிலையும் கற்பித்தார்.

1805 இல் பாரிஸ் வந்த கிஸோ, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். போலின் த மெலான் என்ற பெண் எழுத்தாளர், பத்திரிகைக்குக் கட்டுரை எழுதித் தமது குடும்பத்தைக் காத்து வந்தார். அவர் நோயுற்றபோது, கிஸோ தம்மை யாரென்று காட்டிக் கொள்ளாமல் அவருக்காகக் கட்டுரைகள் எழுதி அனுப்பினார். அந்த அறிமுகம் 1812 இல் திருமணமாகக் கனிந்தது. தம்பதியர் இணைந்து கல்வி தொடர்பான சஞ்சிகை ஒன்றையும் நடத்தினர். அதே ஆண்டு, தமது இருபத்தைந்தாவது வயதில், கிஸோ சோர்போனில் நவீன வரலாற்றுப் பேராசிரியரானார். அவரது தாராளவாதக் கருத்துகள் ஆட்சியாளருக்கு உவப்பளிக்காமையால் 1822 இல் விரிவுரைகள் தடை செய்யப்பட்டன. 1828 வரை அத்தடை நீடித்தது. 1830 ஜூலைப் புரட்சியின் பின்னர் லூயி பிலிப் மன்னரானார். 1832 ஒக்டோபரில் கிஸோ கல்வி அமைச்சராகப் பதவியேற்றார்.

அன்றைய பிரான்சில் கிராமத்து ஆசிரியரின் நிலை பரிதாபத்துக்குரியது. தேவாலய மணியை அடிப்பவரும், பாடகர் குழுவில் பாடுபவரும், சில இடங்களில் புதைகுழி தோண்டுபவரும் அவரே. ஊதியத்தின் ஒரு பகுதி தானியமாகக் கிடைத்தது. எஞ்சியதை வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்து ஆசிரியர்கள் குளிர்காலத்துக்கு முன்னர் சந்தைகளில் நின்று தம்மை வாடகைக்கு விட்டனர். அவர்களது தொப்பியில் செருகப்பட்ட இறகுகளின் எண்ணிக்கை, அவர்கள் கற்பிக்கக் கூடிய பாடங்களைக் குறித்தது. 1816 ஆம் ஆண்டின் அரச ஆணை ஒன்று ஆரம்பக் கல்விக்கு ஏற்பாடு செய்யுமாறு கிராமங்களைப் பணித்திருந்த போதிலும், அதற்கான பணத்தை எங்கிருந்து பெறுவது என்பதைத் தெளிவாக வகுக்கவில்லை. ஆகவே அந்த ஆணை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

இக்குறையையே கிஸோ நிவர்த்தி செய்தார். அவரது சட்டமூலம் 1833 ஜனவரி 2 ஆம் திகதி சபையில் சமர்ப்பிக்கப்பட்டது. போலின் 1827 இலேயே காலமாகியிருந்தார். இரண்டாவது மனைவி எலிசா, சட்டமூலம் விவாதத்தை எதிர்நோக்கியிருந்த 1833 மார்ச் மாதத்தில், பிரசவத்தை அடுத்து உயிர் நீத்தார். அத்துயரின் மத்தியிலும் கிஸோ தமது பணியைக் கைவிடவில்லை. ஜூன் 28 ஆம் திகதி சட்டம் நிறைவேறியது.

ஒவ்வொரு கிராமமும், தனித்தோ அயல் கிராமங்களுடன் சேர்ந்தோ, ஓர் ஆரம்பப் பாடசாலையை நடத்த வேண்டும். ஒவ்வொரு மாவட்டமும் ஓர் ஆசிரியர் கலாசாலையைப் பேண வேண்டும் என அச்சட்டம் விதித்தது. ஆசிரியருக்கு வசிப்பிடமும் வகுப்பறையும் அளிப்பதுடன், ஆரம்பப் பாடசாலையில் ஆண்டுக்கு 200 பிராங்குக்கும், உயர் ஆரம்பப் பாடசாலையில் 400 பிராங்குக்கும் குறையாத நிலையான சம்பளம் வழங்கப்படுதல் வேண்டும் என்றும் அது கூறியது. கிராமத்திடம் பணம் இல்லையெனில் விசேட வரி. அதுவும் போதாதெனில் மாவட்டத்தின் வரி. அதற்கு மேலும் குறைந்தால் அரசின் மானியம். கிராம சபை மறுத்தாலும் வரி விதிக்கப்படும். மாணவர் கட்டணத்தை இனி ஆசிரியர் கையேந்திப் பெற வேண்டியதில்லை. அது அரசாங்க வரியைப் போலவே அறவிடப்படும். வறிய பிள்ளைகள் இலவசமாகச் சேர்க்கப்படுவர். ஆசிரியரின் நிலையான சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு சேமிப்பு நிதியில் இடப்பட்டு, அவர் ஓய்வு பெறும்போது அவருக்கோ, இடையில் இறந்தால் அவரது விதவைக்கோ வாரிசுகளுக்கோ மீள வழங்கப்படும். நமது வாசகர்கள் அறிந்த சேமலாப நிதியின் ஆரம்ப வடிவம் என அதனைக் கருதலாம்.

சட்டம் நிறைவேறியதும் கிஸோ, நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 40 ஆயிரம் ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். செல்வத்தையும் புகழையும் எதிர்பார்க்க வேண்டாம், கடமையின் நிறைவே பெரும் வெகுமதி என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் 490 பரிசோதகர்கள் அனுப்பப்பட்டு 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் பார்வையிடப்பட்டன. தொழுவத்திலும் நிலவறையிலும் நடந்த வகுப்புகளையும், ஆசிரியரின் குடும்பம் சமைத்து உண்டு உறங்கும் ஒரே அறையில் நடந்த வகுப்புகளையும் அவர்கள் பதிவு செய்தனர். 1832 இல் ஏறத்தாழ 19 இலட்சமாக இருந்த ஆரம்பப் பாடசாலை மாணவர் தொகை, 1847 இல் 35 இலட்சத்தை எட்டியமை இச்சட்டத்தின் பெறுபேறாகும்.

ஆயினும் குறைபாடுகள் இல்லாமல் இல்லை. பெண் பிள்ளைகளின் பாடசாலைகள் தொடர்பான பகுதி விவாதத்தின் போது சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டது. எனவே பெண் ஆசிரியர்களுக்கு அந்தக் குறைந்தபட்ச உத்தரவாதம் கிட்டவில்லை. ஆண்டுக்கு 200 பிராங்கு என்பது நாளொன்றுக்கு 55 சதத்துக்கும் குறைவானது. மேலும், அதற்குக் குறையக் கூடாது என்று சட்டம் வரைந்த எல்லையை, அதற்கு மேல் வழங்கத் தேவையில்லை என்ற எல்லையாகப் பல கிராம சபைகள் எடுத்துக் கொண்டன. தரையாக இடப்பட்டது கூரையாக மாறிற்று. ஆசிரியர் பலர் தேவாலயத்திலும் மேயரின் அலுவலகத்திலும் உப தொழில் செய்தே வாழ்ந்தனர்.

இங்கு இன்னொரு உண்மையும் நோக்கத்தக்கது. அன்றைய பிரான்சில் வாக்குரிமை பெறுவதற்கு ஒருவர் ஆண்டொன்றுக்கு 200 பிராங்கு நேரடி வரி செலுத்த வேண்டும். அதாவது, ஓர் ஆசிரியருக்குச் சட்டம் உத்தரவாதமளித்த ஆண்டுச் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவையும் வரியாக மட்டும் செலுத்துபவரே வாக்காளர். மூன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தினரே. பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வழங்கிய கிஸோ, 1840 முதல் வெளிவிவகார அமைச்சராகவும் இறுதியில் பிரதமராகவும் இருந்த காலத்தில், இந்த வாக்குரிமையை விரிவுபடுத்த விடாப்பிடியாக மறுத்தார். வாக்குரிமை வேண்டுவோர் உழைத்தும் சேமித்தும் அந்த வரியைச் செலுத்தும் நிலைக்கு உயரட்டும் என்பது அவரது நிலைப்பாடு. வாசிக்கக் கற்றுக் கொண்ட தலைமுறை நெடுங்காலம் பொறுத்திருக்கவில்லை. 1848 பெப்ரவரிப் புரட்சியில் அவரும் மன்னரும் வீழ்ந்தனர். கிஸோ லண்டனுக்குத் தப்பிச் சென்றார்.

புதிய குடியரசின் கல்வி அமைச்சர் இப்போலித் கார்னோ, ஆசிரியருக்கு 600 முதல் 1200 பிராங்கு வரை அரசே வழங்கும் சட்டமூலத்தை முன்வைத்தார். ஆனால் சில நாட்களில் பதவி இழந்தார். 1850 இன் ஃபலூ சட்டம் ஆசிரியரின் மொத்த வருமானம் 600 பிராங்குக்குக் குறையாதிருக்க வழி செய்தது. ஆயினும் அதே ஆண்டில் ஆசிரியர் மீதான அதிகாரிகளினதும் மதபீடத்தினதும் கண்காணிப்பு இறுகியது. 1881 இல் ஜூல் ஃபெரி கட்டணத்தை ஒழித்தார். 1889 ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே ஆசிரியரின் சம்பளம் அரசின் முழுப் பொறுப்பாயிற்று. கிஸோ தொடக்கிய பாதை நிறைவுற 56 ஆண்டுகள் சென்றன.

1849 இல் நாடு திரும்பிய கிஸோ, நோர்மண்டியில் உள்ள வால் ரிஷே இல்லத்தில் எஞ்சிய காலத்தை எழுத்துப் பணியில் கழித்து, 1874 செப்டெம்பர் 12 ஆம் திகதி காலமானார். அவரது அரசியல் தோல்வியில் முடிந்தது. அவர் இட்ட சட்டமோ நிலைத்தது.

ஆசிரியரை வார்த்தைகளால் கௌரவிப்பது எளிது. அவரது ஊதியத்தை ஊராரின் தயவிலிருந்து விடுவித்து உரிமையாக்குவதே கடினம். முதலாவதைச் சுற்றறிக்கையிலும் இரண்டாவதைச் சட்டத்திலும் செய்தவர் கிஸோ. சுற்றறிக்கையை இன்று வரலாற்று மாணவரே வாசிக்கின்றனர். சட்டத்தின் பயனையோ தலைமுறைகள் அனுபவித்தன. குறைந்தபட்சம் என்று எழுதப்படும் தொகை காலத்தோடு உயராவிடின் அதுவே அநீதியாகி விடும் என்ற பாடத்தையும் அவரது வரலாறு நமக்கு உணர்த்தி நிற்கின்றது.