நாகூர் ஆண்டகை

பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில், சுவரோடு ஒட்டிய சிறு கடைகளுக்கு நடுவே நிற்கும் நாகூர் தர்காவை நம் வியாபாரிகள் நாள்தோறும் கடந்து போகிறார்கள். அங்கே அடக்கம் எதுவும் இல்லை. கடல் தாண்டி வந்த நம் முன்னோர் எழுப்பிய நினைவிடம் அது.

ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் 16ஆம் நூற்றாண்டினர். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முஹம்மது கௌஸ் அவர்களிடம் ஞானக் கல்வி கற்று, ஹஜ்ஜை முடித்து, பல தேசங்கள் சுற்றியபின் சோழநாட்டுக் கரையை அடைந்தார்கள். அக்காலம் தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் தீராப் பிணியால் வாடினார். சூனியக்காரன் ஊசி குத்தி ஒளித்திருந்த புறாவைக் கண்டெடுத்து, ஊசிகளைக் களைந்து, ஆண்டகை பிணி தீர்த்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. மன்னர் தம் சமயத்திலேயே இருந்தார். ஆண்டகை தங்க நாகூரில் நிலம் கொடுத்தார்.

ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடியை எறிந்து காத்த கதையைச் சொல்லாத மரைக்காயர் வீடு உண்டா? கராமத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கல்லில் நிற்பதை யார் மறுப்பது? தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது, 131 அடி உயரம். கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (ஆட்சி 1739–1763).

ஜமாதுல் ஆகிர் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் வரும் இரவு, வழிநெடுக நிற்போரில் இந்துக்களும் ஏராளம். நேர்ந்துகொண்டு முடியிறக்க வருபவரிடம் மதம் எதுவென்று அங்கே யாரும் கேட்பதில்லை.