வர்ஜிலுக்கு நிகராகக் கம்பனை நிறுத்திய வ. வே. சு. ஐயர்

உரோமாபுரியின் பெருங்கவி வர்ஜில், பன்னிரு காண்டங்கள் கொண்ட ஈனியட் காப்பியத்தை முற்றத் திருத்தாமலே கி.மு. 19இல் மறைந்தார். ஏட்டை எரித்துவிடுமாறு அவர் விரும்பியதாகவும், அகஸ்டஸ் மன்னர் அதனைக் காத்ததாகவும் வரலாறு கூறும். அக்காப்பியத்தைத் தமிழ்க் காப்பியத்தோடு ஒருங்கு வைத்து அளந்த தமிழர் வ. வே. சு. ஐயர். அவரது நூலும் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

ஐயர் 1881 ஏப்ரல் 2ஆம் நாள் திருச்சி வரகனேரியில் பிறந்தார். தூய வளனார் கல்லூரியில் பயின்றபோது இலத்தீனையும் பாடமாகக் கொண்டார். எனவே ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே ஈனியட்டை அறிந்தோர் பலராயிருந்த காலத்தில், அதன் மூலமொழியையும் கற்றவராக அவர் விளங்கினார். 1907இல் பாரிஸ்டர் கல்விக்காக இலண்டன் சென்றவர், அங்கே புரட்சியாளர்களோடு சேர்ந்தார். அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். மாறுவேடத்தில் தப்பி 1910இல் புதுச்சேரி அடைந்தார்.

எரியும் திராய் நகரை விட்டுத் தந்தையைத் தோளில் சுமந்து புறப்பட்டவன் ஈனியஸ். தந்தையின் சொல்லைக் காக்கக் காடேகியவன் இராமன். நாடிழந்த தலைவர்களைப் பாடிய இவ்விரு காப்பியங்களையும் கற்றவர், தாமும் பத்தாண்டுகள் ஊர் திரும்ப இயலாதவராக வாழ்ந்தார். அக்காலத்திலேதான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டார்.

ஊர் திரும்பித் தேசபக்தன் இதழை நடத்தியபோது, அதில் வந்த கட்டுரைக்காக 1921இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார். காப்பிய அமைப்பும் பாத்திரப் படைப்பும் அவர் கொண்ட அளவுகோல்கள். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு மட்டுமன்றி, முதல்நூல் தந்த வான்மீகியோடும் ஒப்பிடத்தக்கவன் கம்பன் என்பது அவர் துணிபு. மேலைக் காப்பியங்களே உயர்வின் எல்லை எனக் கற்பிக்கப்பட்ட நாளில், அவற்றைக் குறைத்துப் பேசாமல், அவற்றை நன்கு கற்றே அம்முடிவுக்கு வந்தார் என்பது எண்ணத்தக்கது. பிறமொழி இகழாமல் தம்மொழி போற்றும் நெறி அது.

1922இல் சேரன்மாதேவியில் அவர் நிறுவிய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி வைத்தது பெரும் பூசலாயிற்று. சமத்துவம் நாடியோரின் நெஞ்சில் அது ஆறாத வடுவாயிற்று. அவர் வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதி இது. அப்பூசல் அடங்குமுன், 1925 ஜூனில், பாபநாச அருவியில் வீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து தாமும் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 44.

சிறையில் பிறந்த அந்நூலைத் தில்லித் தமிழ்ச் சங்கம் 1950இல் வெளியிட்டது. அகஸ்டஸ் செய்த பணியை இங்கு ஒரு தமிழ்ச் சங்கம் செய்தது. திண்டுக்கல் சீமைக்கும் ஐயரோடு இலக்கிய உறவுண்டு. தமிழ்ச் சிறுகதைக்கு அவர் இட்ட வித்தை வளர்த்தோருள் பி. எஸ். ராமையாவும் சி. சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டு மண்ணின் மைந்தர்கள். கம்பனை அளக்க ஐயர் காட்டிய ஒப்பியல் வழியோ இன்னும் சிலரே நடந்த வழி. ஈனியட்டை ஆங்கிலத்திலேனும் ஒருமுறை கற்றுப் பின் கம்பனுக்குத் திரும்பும் கவிஞர்க்கு அவ்வழி புலப்படும்.