கலியாண் ஸ்டேஷனில் ஒரு குளியலறை

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் இரவில் திரும்புவோர் எங்கள் மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் ஏராளம். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடியபின் அதுவே பலருக்குப் பிழைப்பு. அந்த நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அன்னை கஸ்தூரிபாவை நினைப்பேன்.

1869-இல் போர்பந்தரில் வசதியான வணிகர் இல்லத்தில் பிறந்தவர். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் மூன்று மாதக் கடுங்காவல் கண்டவர். 1915 பிப்ரவரியில், கோகலே மறைந்த செய்தி கேட்டு, சாந்திநிகேதனிலிருந்து கணவருடன் புனாவுக்குப் புறப்பட்டார். பர்துவானில் மூன்றாம் வகுப்பில் இடமில்லை. இன்டர் வகுப்பில் ஏறி, மொகல்சராயில்தான் மாற முடிந்தது.

கலியாண் வந்தது. காந்தியடிகளும் உடன்வந்த மகன்லாலும் குழாயடியில் குளித்தனர். அம்மையார் எங்கே குளிப்பார்? அறிந்த அன்பர் ஒருவர் இரண்டாம் வகுப்புக் குளியலறைக்கு அழைத்துப்போக முன்வந்தார். மூன்றாம் வகுப்புச் சீட்டுக்கு அந்த உரிமை கிடையாது. அடிகள் தயங்கினார், பிறகு இசைந்தார். அம்மையார் அதை விரும்பிக் கேட்கவுமில்லை. பின்னாளில் சுயசரிதையில், மனைவிமேல் வைத்த பாசம் சத்தியப் பற்றை வென்றுவிட்டதென அடிகள் தம்மையே குறைகூறிக்கொண்டார்.

எனக்கோ அது குற்றமாகப் படவில்லை. ஏழைப் பெண்ணுக்கு ஒரு மறைப்புக்கூட வைக்காத ஸ்டேஷன்தானே குற்றவாளி?

ஏப்ரல் 17-இல் சென்னை. வரவேற்க வந்த கூட்டம் முதல் வகுப்பில் தேடியது; தம்பதியரோ ரயிலின் கோடியில் மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கினர்.

1944 பிப்ரவரி 22-இல், அதே புனாவில், ஆகாகான் மாளிகைச் சிறையில், கணவர் மடியில் அன்னையின் உயிர் பிரிந்தது.