நினைவிழந்து வீழ்ந்த வீரர் – திருப்பூர் குமரன்

கைத்தறிக்குப் பெயர் பெற்ற சென்னிமலையில், 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நாச்சிமுத்து – கருப்பாயி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர் குமாரசாமி. திருப்பூர் குமரன் என்று நாடு போற்றுவது இவரைத்தான். வறுமையால் இவரது பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தறி நெய்தார், பின்னர் திருப்பூரில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். இராமாயி அம்மையாரை மணந்தார். காந்தியடிகளின் அறப்போரில் ஈடுபாடு கொண்டு, தேசபந்து வாலிபர் சங்கத்தில் தொண்டாற்றினார்.

1932 ஜனவரி 4ஆம் நாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து ஜனவரி 10ஆம் நாள் திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் நடந்தது. கொடியேந்திச் சென்ற குமரனின் தலையில் போலீசாரின் தடியடி விழுந்தது. குருதி வழிய, கொடியை விடாமலே நினைவிழந்து சாய்ந்தார். மருத்துவமனையில் சேர்த்தும், மறுநாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

தலையில் பலத்த அடிபட்டவர் நினைவிழப்பது ஏன்? அடியின் அதிர்ச்சியிலேயே மூளை செயல் இழக்கலாம். மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே இரத்தம் கசிந்தாலும், மூளை வீங்கினாலும், அழுத்தம் பெருகி, விழிப்பையும் மூச்சையும் ஆளும் மூளைத்தண்டை நெருக்கும். தூங்குபவர் கூப்பிட்டால் எழுவார். சாதாரண மயக்கம் சிறிது நேரத்தில் தெளியும். அழைத்தாலும் கிள்ளினாலும் கண் விழிக்காத நிலையே கோமா என்னும் ஆழ்மயக்கம். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், பூச்சிமருந்து நஞ்சு, இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைதல் அல்லது மிகவும் கூடுதல் ஆகியவையும் இதற்குக் காரணமாகும்.

குமரன் வீழ்ந்த காலத்தில் மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவி இல்லை; நோயாளிக்கு அது முதன்முதலாகப் பயன்பட்டது 1971இல், இலண்டனில். 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கோமாவை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுவர். முழு விழிப்புக்கு 15. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கோமா. கண்பாவை ஒளிபட்டுச் சுருங்குகிறதா என்றும் பார்ப்பர். ஒரு பாவை மட்டும் விரிந்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம்.

மாணவியரே! சாலையிலே ஒருவர் தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடந்தால் சோடாவோ காப்பியோ வாயில் ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் பறிக்கும். கழுத்தை அசைக்காமல், மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வாந்தி எடுத்தால், தலையும் உடலும் ஒன்றாகத் திரும்புமாறு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108க்குத் தகவல் கொடுங்கள். அடிபட்டதும் நன்றாகப் பேசியவர் சில மணி நேரம் கழித்துக் குழறினாலும், தூங்கித் தூங்கி விழுந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. இரு சக்கர வண்டியில் செல்லும் பெற்றோருக்கும் ஒரு சொல்: தலைக்கவசம் உங்கள் தலையில் இருக்கட்டும், வண்டியில் தொங்க வேண்டாம்.

2004ஆம் ஆண்டில் நம் நாடு குமரனுக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. நினைவு தவறும்வரை கொடியைக் காத்தவர் அவர். நினைவு தவறியவரின் உயிரைக் காக்க அறிந்துகொள்வது, அவர் பிறந்த மண்ணில் வளரும் நமக்கு ஏற்ற தொண்டாகும்.